நாலாம் நம்பர்

சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா கரைத்து வைத்திருந்த டம்ளரைத் தண்ணீர் என்று எடுத்து முருகேஸ்வரி ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். உணவுக்குழாய் வெந்தது. புண் ஆற ஆறப் பாதை சுருங்கி, இரண்டே மாதத்தில், பொங்கலுக்குள், வெறும் நீராகாரம்தான் இறங்கியது. புருஷன் சோலைச்சாமி, அருப்புக்கோட்டை நெசவாளி, அவளை மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அங்கே டாக்டர் இன்பராஜ், விளக்கு வைத்த இரும்புக் குழாயை வாய்வழி இறக்கி உள்ளே பார்ப்பவர். இறக்குமுன் ஒவ்வொருவருக்கும் நம்பர் போடுவார். சுலபம் என்றால் ஒன்று. ஆபத்து என்றால் நாலு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து முருகேஸ்வரிக்கு நாலு போட்டார்.

"ஊசிக்கண்ணு மாதிரி இருக்கு. தள்ளினா கிழிஞ்சுரும். வயித்துல ஓட்டை போட்டுக் கஞ்சி ஊத்துறதுதான் வழி."

அவள் சீலையால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "வாயி இருக்கையில வயித்துல எதுக்குய்யா? நம்பரைக் கொறைக்க வழி சொல்லுங்க."

இன்பராஜ் யோசித்தார். "நூலு முழுங்கணும். அது வயித்துக்குப் போய்ச் சேந்தா, அதைப் பிடிச்சே வழியை அகலமாக்கலாம். லேசுல முடியாது."

நூல் என்றதும் சோலைச்சாமிக்கு உயிர் வந்தது. டாக்டரைக் கேளாமலே ஊருக்குப் போய், தன் தறியில் நீளவாக்கில் ஓடும் முதல்தரப் பாவு நூலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். கஞ்சி போட்டு விறைத்த நூல்தான் அவனுக்கு நல்ல நூல். அவள் விழுங்கியதும் அது தொண்டையில் ஊறிக் குழைந்து பந்தாகச் சுருண்டது. இருமி இருமி வெளியே எடுத்தாள்.

"ஏப்பா, ஒம் பொண்டாட்டி என்ன தறியா, பாவு ஓட்ட?" என்றார் டாக்டர்.

"விட்டா இவுக உள்ளயே வேட்டி நெய்ஞ்சிருப்பாக," என்றாள் அவள், மூச்சு வாங்க.

டாக்டர் தையல் போடும் பட்டுநூலைக் கொடுத்து, ஒரு நுனியைக் கன்னத்தில் ஒட்டினார். ஒரு வாய்த் தண்ணீர், ஒரு விரற்கடை நூல். குமட்டினால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அடங்கியதும் அடுத்த வாய்.

"போதும்டி," என்றான் சோலைச்சாமி. அவன் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் நூலை மெல்லச் சுண்டினார். அசையவில்லை, கீழே போய்ப் பிடித்திருந்தது. அந்த நூல் வழியாகவே மெல்லிய குச்சி ஒன்றை இறக்கினார். கிழியாமல் போனது. சீட்டில் நாலை அடித்து மூன்று போட்டார்.

"வாராவாரம் அகலமாக்கணும். பாதியில நின்னா மறுபடி மூடிக்கிரும்."

"ரெண்டுன்னு போடக் கூடாதாய்யா?" என்றான் சோலைச்சாமி.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் முருகேஸ்வரி. "அடுத்த வாரம் எந்தக் கிழமைய்யா வரட்டும்?"