பழுப்பாகிப்போன சிவப்பு

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரோடு பத்தொன்பது மணி நேரம் ஊறிய நூலை அடுப்பில் ஏற்றினோம். கொதித்தால் சிவப்பு பழுப்பாகிவிடும். எங்களோடு நெசவு கற்கும் பெண் தன் கல்யாணத்துக்கு நெய்யவிருந்த துணிக்கான நூல் அது. காவலுக்கு, வகுப்பில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்தவளும் நானும் இருந்தோம். நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

“கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு ஒரு அடுப்பைப் பார்த்துக்கத் தெரியலையா?” என்று என்னைக் கேட்டார் ஆசிரியை. எல்லோரும் சிரித்தார்கள்.

“அவளைத் திட்டாதீங்க டீச்சர். நான்தான் வேணும்னே தீயைக் கூட்டினேன்,” என்றாள் அக்கா.

கல்யாணப் பெண் நூலைத் தூக்கிப் பார்த்து அழுதாள். “உங்களுக்கு நான் என்னக்கா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணலம்மா. நேத்து மாப்பிள்ளை போட்டோ காட்டினியே. வெளியூர் வேலைக்குன்னு போன என் புருஷன்தான் அது.”