காலைக் கையெழுத்து

தாமரைக்கும் ரமணிக்கும் நடுவில் ஒன்பது வருடமாக ஒரு சண்டைகூட வந்ததில்லை. ஒரே நர்சிங் கல்லூரி, ஒரே வகுப்பு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே வாடகை வீடு, விடிந்ததும் கிள்ளானுக்கு ஒரே ரயில். அவர்கள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருவரையும் ரெட்டை மாட்டு வண்டி என்று கேலி செய்வார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. பள்ளம் வந்த அன்றைக்குத்தான் ஒரு மாடு நுகத்தடியிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டது தெரிந்தது.

இன்சுலின் போடுவதற்கு அந்த வார்டில் கண்டிப்பான விதி இருந்தது. ஒருத்தி மருந்தை ஊசியில் எடுக்க வேண்டும். இன்னொருத்தி அளவைக் கண்ணால் பார்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து கட்டிலருகே போக வேண்டும். போட்டு முடித்த பிறகுதான் சார்ட்டில் கையெழுத்து. கொடுத்தவர் முதல் கட்டத்தில், சரிபார்த்தவர் இரண்டாம் கட்டத்தில். இந்த விதியைக் கண்ணாடி போட்டு மருந்து அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சாமி படமாக இருந்தால் வெள்ளிக்கிழமையாவது யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

வார்டு நடந்தது வேறொரு வழக்கத்தில். கூட்டம் அதிகமான நாட்களில், ஜோடி நர்ஸுகளில் ஒருத்தி காலை ஏழரைக்கே எல்லா சார்ட்டிலும் தன் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவாள். முதல் கட்டமா இரண்டாம் கட்டமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. மதியம் யார் மருந்து கொடுக்கிறாளோ அவள் மீதிக் கட்டத்தை நிரப்பிக்கொள்வாள். இதற்குக் காலைக் கையெழுத்து என்று பெயர். யார் யாருக்கு உயிர்த்தோழி என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். 'ஊசியைக் காட்டு' என்று ஒருத்தி கேட்டால், 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பரமேஸ்வரன் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. முப்பது வருடம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர், நர்ஸுகளை மிஸி என்று கூப்பிடுகிறவர். காலில் ஆறாத புண், ஏறி இறங்கும் சர்க்கரை. அத்தனை பெரிய மனிதருக்கு ஊசி என்றால் குலை நடுக்கம். முதல் நாள் அவர் கையை இழுத்துக்கொண்டபோது தாமரைதான் சமாதானம் சொன்னாள்.

"பயப்படாதீங்க அங்கிள். எப்பவும் ரெண்டு பேரு வருவோம். ஒருத்தர் போடுவோம், ஒருத்தர் சரியான்னு பாப்போம். தப்பு நடக்கவே நடக்காது."

"அப்ப சரி மிஸி. லோரியில ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னாடி ஒரு ஆள் நிக்கிற மாதிரி."

அதிலிருந்து ஊசி வரும்போதெல்லாம் "ரெண்டு பேரும் வந்தாச்சா?" என்று கேட்டு, எண்ணிப் பார்த்த பிறகுதான் சட்டையைத் தூக்குவார்.

திங்கட்கிழமை ஒரே சமயத்தில் ஏழு புது நோயாளிகள் வந்து இறங்கினார்கள். ஏழரைக்கு ரமணி சார்ட்டுக் கட்டைத் தாமரையின் முன்னால் தள்ளினாள்.

"போட்டு வைடி. இன்னைக்கு மூச்சு விட நேரம் இருக்காது."

தாமரை வலது கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, இடது கையில் போனை வைத்து மருந்தகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டத்தில் போட்டோம் என்று அவள் பார்க்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்குப் பரமேஸ்வரன் வியர்த்து நனைந்து, கண் சொருகி, வாய் குழறிக் கிடந்தார். நாலுக்குக் கீழே இறங்கக் கூடாத சர்க்கரை ஒன்று புள்ளி ஆறு. டாக்டர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்சம் தெளிந்ததும் ரமணி தாமரையை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"ஆரஞ்சு மூடி ஊசி தீர்ந்துபோச்சுடி. அவசரத்துல சாதா ஊசியில எடுத்தேன். ஆறு யூனிட்டுதான் போடணும். புள்ளி ஆறு மில்லி வரைக்கும் இழுத்துட்டேன்."

இன்சுலினுக்கென்றே செய்த ஊசியில் ஆறு என்றால் ஆறு யூனிட். சாதா ஊசியில் புள்ளி ஆறு மில்லி என்றால் அறுபது யூனிட். பத்து மடங்கு.

"டாக்டர்கிட்ட சொல்லுடி, உடனே."

"சொன்னா என் சிங்கப்பூர் வேலை போச்சு. நல்ல நர்ஸுன்னு நர்சிங் போர்டு லெட்டர் குடுக்கணும், அடுத்த வாரம் வருது. நீயும் பாக்காமதானே சைன் போட்ட? உனக்கும் லைசன்ஸ் போயிடும். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஆறு யூனிட் பாத்தோம்னு எழுதிடலாம். அவரு சாப்பாட்டைத் தொடல, அதான் இறங்கிருச்சு. குளுக்கோஸ் ஏத்தியாச்சு, சரியாயிடும் லா."

ஒன்பது வருடப் பழக்கம் தாமரையின் கையைப் பிடித்து எழுத வைத்தது. 'நானும் ரமணியும் கட்டிலருகே நின்று ஆறு யூனிட்டைச் சரிபார்த்தோம்.' கீழே கையெழுத்து. இதையும் ஒரு காலைக் கையெழுத்து என்றே சொல்ல வேண்டும். நேரம் மட்டும் மதியம்.

ஆறு யூனிட்தான் உடம்பில் இருக்கிறது என்று நம்பிய டாக்டர், ஒரு குளுக்கோஸ் போதும் என்று போய்விட்டார். அறுபது யூனிட் அப்படி விடுமா? மூன்று மணிக்குப் பரமேஸ்வரனுக்குச் சர்க்கரை மறுபடியும் சரிந்து வலிப்பு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தாமரை காலியான பன்னிரண்டாம் கட்டிலின் விரிப்பை மாற்றினாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்!

ஆறு யூனிட்டுக்கு ஒரு மனிதன் இரண்டு தடவை விழ மாட்டான் என்று டாக்டர் எழுதி வைத்தார். ஊசித் தட்டில் ஆரஞ்சு மூடி இல்லாத ஊசி ஒன்று கிடைத்தது. புதன்கிழமை தலைமை நர்ஸான மேட்ரன் சந்திரகலா விசாரணை வைத்தார். முதலில் ரமணி உள்ளே போனாள். வெளியே வந்தவள் தாமரையின் பக்கம் திரும்பாமல் லிஃப்ட்டை நோக்கி நடந்தாள். அழுகையை மறைக்கிறாள் என்று தாமரை நினைத்தாள்.

மேட்ரன் சார்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல் கட்டத்துல யாரு சைன்?"

தாமரை குனிந்து பார்த்தாள். அவளுடையது. இரண்டாம் கட்டத்தில் ரமணியினுடையது.

"ஊசியில எடுத்ததும் நீதான், போட்டதும் நீதான்னு ரமணி எழுதிக் குடுத்திருக்கா. தூரத்துல இருந்து பாத்ததால ஊசி மாறினது தெரியலையாம். அப்புறம் தெரிஞ்சு, உண்மையச் சொல்லிடலாம்னு உன்கிட்ட கெஞ்சினாளாம். நீதான் பயந்து மறைச்சியாம்."

திங்கட்கிழமை மருந்து அறையில் இருவரும் பேசிய ஒவ்வொரு சொல்லும், பேர் மட்டும் மாறி, அந்தத் தாளில் இருந்தது.

"நான் போடல மேட்ரன்."

"கட்டில் பக்கத்துல நின்னேன்னு நீயே எழுதியிருக்கியே மா. நின்னியா, இல்லையா?"

இல்லை என்றால் பொய்க் கையெழுத்து. ஆமாம் என்றால் அறுபது யூனிட். நாளை பத்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும், அதுவரை நோயாளி யாரையும் தொடக்கூடாது என்றார் மேட்ரன்.

அன்று சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ரமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவள் ஓடி ஒளிந்திருப்பாள் என்று நினைத்தால், அடுப்பில் இரண்டு பேருக்கும் சாதம் வைத்திருந்தாள். தாமரைக்கு அதுதான் தாங்கவில்லை.

"எப்படிடி மனசு வந்துச்சு?"

"உனக்கு இதான் முதல் தப்பு. வார்னிங்கோட விட்டுடுவாங்க. எனக்கு எல்லாமே போயிடும். ஒரு தடவை எனக்காகத் தாங்கிக்க மாட்டியா?"

"கேட்டிருந்தா தாங்கியிருப்பேனோ என்னமோ. கேக்காம என் தலையில கட்டிட்ட."

ரமணி அடுத்த துணியை எடுத்து மடித்தாள். தாமரை சாப்பிடவில்லை. வாய்விட்டு அழுதாள். தான் அழுவது பரமேஸ்வரனுக்காக இல்லை, தனக்காகத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் காலை பரமேஸ்வரனை மறுபடியும் மூன்றாம் மாடிக்கே கொண்டு வந்துவிட்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் தாமரை அவர் முன்னால் நின்றாள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

"அங்கிள், திங்கட்கிழமை மதியம் உங்களுக்கு ஊசி போட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அந்த ஒசரமான மிஸி. ரமணி." அவர் குரல் இன்னும் தேறவில்லை. "இன்னொரு மிஸி எங்கன்னு கேட்டேன். அவ பாத்துட்டா, சைன்கூட போட்டாச்சுன்னு சொன்னுச்சு. சரி, நீ பாத்திருந்தா தப்பு வராதுன்னு சட்டையைத் தூக்கிட்டேன்."

தாமரைக்கு உயிர் வந்தது. "இதை மேட்ரன்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்றேன். போட்டது நீ இல்லன்னு சொல்றேன்." அவர் அவளையே பார்த்தார். "நீ பாத்தியா மிஸி?"

"இல்ல அங்கிள்."

"அப்ப ஏன் சைன் போட்ட?"

ரமணி மேல் நேற்றிலிருந்து மூட்டி வைத்திருந்த கோபம் அத்தனையும் அந்தக் கேள்வியில் அணைந்துபோனது. கூட இருந்தவள் குழி பறித்தாள், சரி. இந்த மனிதருக்குக் குழி பறித்தது யார்? மூன்று மணிக்கு அவர் துடித்தபோது உண்மையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு விரிப்பு மாற்றியது யார்? அவரிடம் சொல்ல அவளுக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

நர்ஸ் கவுன்ட்டரில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கேயே எழுதினாள். 'நான் பார்க்கவில்லை. கட்டிலருகே இல்லை. காலை ஏழரைக்குக் கையெழுத்திட்டேன். அறுபது யூனிட் என்று மதியமே தெரிந்தும் டாக்டரிடம் சொல்லவில்லை.' ரமணி செய்ததையும் எழுதினாள், கூட்டாமல் குறைக்காமல். லைசன்ஸ் போனாலும் போகட்டும் என்று மடித்தாள். மேட்ரன் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

தாமரை கட்டிலருகே திரும்பி வந்தபோது, பரமேஸ்வரனுக்குக் காலை இன்சுலின் எடுத்துக்கொண்டு ஷாமினி வந்தாள். போன மாதம்தான் இந்த வார்டுக்கு மாறி வந்தவள். ஆரஞ்சு மூடி ஊசியை ஒரு கையிலும் சார்ட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். யாரும் கண்ணில் படவில்லை.

"தாமரைக்கா, நீங்க இங்கதானே நிக்கிறீங்க. கொஞ்சம் பாத்துட்டு சைன் போடுங்க லா."

தாமரை வாயைத் திறப்பதற்குள் பரமேஸ்வரன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இந்த மிஸி வேணாம்மா. வேற யாரையாவது கூப்பிடு. நான் காத்திருக்கேன்."