கடைசி ஆள் தொப்பி

கூரைக்கு அடியில் ஓடும் இரும்பு உத்தரத்தின்மேல் பெயின்டர் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கீழே வெல்டர்கள் தலை நிமிராமல் வேலை செய்தார்கள். அவருடைய இடுப்புப் பட்டையிலிருந்து கிளம்பிய இரண்டு கயிறுகளின் கொக்கிகளும் பக்கத்தில் இழுத்துக் கட்டிய கம்பியில் மாட்டியிருந்தன. நகர வேண்டுமென்றால் ஒரு கொக்கியைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதைத் தொடலாம். இதைச் சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்தார். ஆனால் இதில் பெரிய வாத்தியார் பெயின்டர்தான். "இது புருஷன், இது பொண்டாட்டி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது" என்று புதிதாக மேலே ஏறுகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார்.

பட்டாளத்தார் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். இளமை முழுவதையும் ராணுவத்தில் கழித்துவிட்டு வந்தவர், கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்து சுவரை வெறித்தார். பிறகு பாதுகாப்புப் படிப்பு ஒன்றைப் படித்து, இங்கே பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். வந்த புதிதில் ஆபத்துக்கால ஒத்திகைக்கு விசில் ஊதினால் ஆட்கள் சினிமா விட்டு வருகிறவர்கள்போல் பேசிச் சிரித்துக்கொண்டு கொடிக்கம்பத்தடிக்கு வருவார்கள். அவருக்குப் பழைய ஞாபகம் வரும். ராணுவ முகாமில் ஒருநாள் விசில் கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடியபோது, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று சமையல்காரர் பின்தங்கினார். குண்டு விழுந்தபிறகு அவரைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பொறுக்கியவர்களில் பட்டாளத்தாரும் ஒருவர்.

அந்தக் கதையை அவர் தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார். அவருடைய பழைய பட்டாளத்துத் தொப்பி. வெளுத்துப்போன பச்சை, குடைபோல் அகலமான விளிம்பு. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஒத்திகைக்குக் கடைசியாக வருகிறவர் அதைப் போட்டுக்கொண்டு அன்று முழுக்க வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான். சம்பளத்தை வெட்டினால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார்கள். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. உயரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் நேரமாகிவிடுவதால் பெயின்டருக்கு இரண்டுமுறை தொப்பி போடவேண்டி வந்தது. அதையும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார்.

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்க ஒரு ஒத்திகை நடத்தச் சொன்னார் மேனேஜர். மேலே வேலை செய்கிறவர்களை முதலில் இறக்கிவிட வேண்டும் என்றார் பட்டாளத்தார்.

"சொல்லிட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு ஒத்திகையா? உங்க பட்டாளத்துல எதிரி சொல்லிட்டா வந்தான்?" என்றார் மேனேஜர். விருந்தாளிகள் சிரித்தார்கள். பட்டாளத்தார் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

மேலே பெயின்டர் இரண்டு கொக்கிகளையும் ஒன்றாகக் கழற்றினார். கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு உத்தரத்தின்மேல் ஏணியை நோக்கி ஓடினார். "இன்னைக்கு எனக்கில்லடா தொப்பி" என்று அவர் கத்தியதை வெல்டர்கள் கேட்டார்கள். கொடிக்கம்பத்தடியில் நின்றவர்களுக்குக் கேட்டது அவர் விழுந்த சத்தம்தான்.

சாயங்காலத்துக்குள் கதை மாறிவிட்டது. பெயின்டர் சோம்பல்பட்டுக் கொக்கியைக் கழற்றினார், விழுந்தார், உதவிக்கு ஆள் சேர்க்கத்தான் விசில் ஊதப்பட்டது என்று மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். அத்தனை பேருக்கும் காது இருந்தது. அத்தனை பேருக்கும் குடும்பமும் இருந்தது. கலைந்து வேலைக்குப் போனார்கள். பட்டாளத்தார் தொப்பியைப் பிடுங்கிக் குப்பைப் பீப்பாயில் போட்டார். மறுநாள் காலையில் அது பழையபடி ஆணியில் தொங்கியது. யார் எடுத்து மாட்டினார்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

துக்கம் விசாரிக்கப் பட்டாளத்தார் பெயின்டர் வீட்டுக்குப் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். பெயின்டரின் மனைவி அழுது ஓய்ந்த முகத்தோடு எதிரில் வந்து நின்றாள்.

"கவனமில்லாம இருந்தாராம் சார். கம்பெனியில அப்படித்தான் சொல்றாங்க. என் பொண்ணு இதைக் கேட்டுக்கிட்டே வளரணுமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விசில் முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிம்மா."

"அதை விசாரணையில வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

அதற்கப்புறம் அவருடைய காதுக்குள் விசில் நிற்கவே இல்லை. குளிக்கும்போது கேட்டது, பஸ்ஸில் கேட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை ஓடினார். அவருடைய மனைவி குக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பாத்திரத்தில் சோறு வடிக்கத் தொடங்கினாள். கம்பெனி அனுப்பிய டாக்டர் கனிவாக விசாரித்தபோது, குக்கர் கதையை அவர் ஒளிக்காமல் சொன்னார். முகாம் சமையல்காரரைப் பற்றியும் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். சொன்னபிறகு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

விசாரணை நாளன்று மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "உண்மையைச் சொல்ல வேண்டாம்னு சொல்ல மாட்டேங்க. ஆனா இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துடுவீங்க. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள். அவர் பித்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் அறையில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தார் நின்றபடியே சொன்னார்: "விசில்தான் முதல்ல. அதுக்கப்புறம்தான் அவர் விழுந்தார். ஊதினது நான்."

அதிகாரியின் பேனா நகர்ந்தது. மேனேஜர் கோபப்படவில்லை. எழுந்து வந்து பட்டாளத்தாரின் தோளில் கை வைத்தார்.

"எத்தனையோ குண்டுச் சத்தம் கேட்ட மனுஷன் சார் இவர். கூட இருந்தவங்களைக் கையால பொறுக்கி எடுத்திருக்காரு. இப்போ குக்கர் விசிலுக்கே எழுந்து ஓடறாரு. நான் சொல்லல, டாக்டர்கிட்ட அவரே சொன்னது. எது முன்னாடி, எது பின்னாடின்னு பாவம், குழம்பிப் போச்சு அவருக்கு."

அதிகாரி பட்டாளத்தாரை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார். தன் சித்தப்பாவும் ராணுவத்தில்தான் இருந்தார் என்றார். எழுதியதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பேனாவை மூடினார். "நாட்டுக்காக எவ்வளவோ செஞ்சிருக்கீங்க. கொஞ்ச நாள் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று எழுந்து கைகுலுக்கினார். இன்னும் கேளுங்கள், வெல்டர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று பட்டாளத்தார் சொல்லச் சொல்ல, அவருடைய குரல் உயர்ந்தது, கை நடுங்கியது. மேனேஜர் அந்தக் கையை அதிகாரிக்குக் கண்ணால் காட்டினார்.

விசிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓய்வு எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தபோது பின்னால் விசில் அடித்தது. காதுக்குள்தான் அடிக்கிறது என்று நினைத்து இரண்டடி நடந்தார். செருப்புச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் சேர்ந்து கேட்டதும் திரும்பிக் கம்பிகள் வழியாகப் பார்த்தார். ஸ்டோர்காரர் கழுத்தில் அவருடைய விசில் தொங்கியது. ஆட்கள் கொடிக்கம்பத்தை நோக்கிப் பறந்தார்கள். மேனேஜர் அதிகாரியை வாசலில் நிறுத்தி, பாருங்கள் என்று கைகாட்டினார்.

கடைசியாக ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். பெயின்டரின் மனைவி. கம்பெனி இரக்கப்பட்டு அவளுக்குப் போட்டுக்கொடுத்திருந்த வேலை அது. மூச்சிரைக்க வரிசையின் ஓரத்தில் வந்து நின்றாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவளிடம் எதையும் நீட்டவில்லை, வெல்டர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவள் சுவரைப் பார்த்தாள். வீட்டில் புருஷன் நடித்துக் காட்டியது நினைவிருந்திருக்க வேண்டும். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எட்டி அந்தத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துத் தானே தலையில் போட்டுக்கொண்டாள். அது அவளுடைய கண்களை மறைத்து மூக்குவரை இறங்கியது. ஸ்டோர்காரர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னார். அதிகாரி கைதட்டினார்.