ஒட்டாத இரண்டு புள்ளிகள்

வேப்பமரம் கூரைக்குள் நிற்கிறது, கிளையும் இலையுமாக முழு மரமும், நாலு புள்ளி வைத்து அவர் இழுத்த கோட்டுக்குள், பட்டப்பகலில், ஒரு பொட்டு வெயில் படாமல், குருபாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார், மரம் அங்கேயேதான் நிற்கிறது, பெரியாஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு நடுவே வானம் பார்த்துக் கிடக்கிற முற்றத்தைப் போய்க் கட்டடம் என்று வரைந்து வைத்திருக்கிறார் மனுஷன். ஊர் உலகமே சேர்ந்து வரைகிற இணைய வரைபடம் அது, யார் வேண்டுமானாலும் கோடு போடலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், இவர் போட்டதைத் திருத்தியவள் எஸ்தர், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர், முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, எழுத்தில்தான் பழக்கம். முற்றம் கட்டடம் இல்ல சார், அது கட்டடத்துல இருக்கற ஓட்டை, வெளிக்கோடு ஒண்ணு, உள்கோடு ஒண்ணு, ரெண்டையும் சேத்தாத்தான் அது முழுக் கட்டடம் என்று எழுதியிருந்தாள், நாலு நிமிஷம் தாமதமாக வந்த பஸ்ஸுக்காக டிரைவரை நாறடித்துவிடுகிற, முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்த குருபாதம், சரிம்மா, சரிம்மா என்று ஒற்றை விரலால் பதில் தட்டிவிட்டுக் கோட்டை அழித்தார், மரத்துக்கு வெயில் வந்தது.

இந்த வயதில் இது என்ன வேண்டாத வேலை என்று மகள் போனில் கேட்டாள், சும்மாதான், பொழுது போகணுமே என்றார், எஸ்தரும் ஒருமுறை கேட்டாள், ஊர்ல எவ்வளவோ கட்டடம் இருக்க இந்த ஆஸ்பத்திரிய ஏன் சார் எடுத்தீங்க என்று, அவளிடமும் அதே சும்மாதான். சும்மாவா. மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் முதன்முதலாக அந்த வரைபடத்தைத் திறந்து தன் ஊரைத் தேடி, தெருவைத் தேடி, கடைசியில் தேடக்கூடாது தேடக்கூடாது என்றபடியே ஆஸ்பத்திரியைத் தேடினபோது, அங்கே ஒரே ஒரு சாம்பல் நிறக் கட்டம் கிடந்தது, தீப்பெட்டி மாதிரி, புதுக் கட்டடம் இல்லை, பழைய கட்டடம் இல்லை, படி இல்லை, வாசல் இல்லை, மனைவி பவளக்கொடி கிடந்த வார்டு இல்லை, அவர் ஓடின ஓட்டம் எதற்கும் அதில் இடமில்லை, அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் கிடந்து அரிக்கிற கேள்வி ஒன்றுதான், யாரிடமும் கேட்க முடியாத கேள்வி, வேறு வழி இருந்ததா. இருந்ததென்றால் அவளைக் கொன்றது தன் கால்தான், இல்லையென்றால் விதி, நாலு பேர் சொல்வதுபோல் அவள் ஆயுசு அவ்வளவுதான் என்று தானும் சொல்லிக்கொண்டு தூங்கலாம். கோடு கோடாக வரைந்து முடித்தால் அந்தச் சாம்பல் கட்டம் பதில் சொல்லும் என்று நம்பினார்.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணி, புதுக் கட்டடத்து இரண்டாம் மாடி, படுக்கை விரிப்பு நனைகிறது, டாக்டரம்மா சீட்டு எழுதி, சின்னக் குழாயில் ரத்தம் எடுத்து அவர் கையில் வைத்து, ரத்த வங்கி பழைய கட்டடம், முதல் மாடி, ஓடுங்க என்கிறார், செருப்ப மாட்டிட்டுப் போங்க, வெயில் காயுது என்று பவளம் முனகுகிறாள், அவளுக்கு அப்போதும் அவர் பாதம்தான் கவலை, அவர் மாட்டவில்லை, ஓடுகிறார், அவருக்குத் தெரிந்தது வந்த வழி ஒன்றுதான், நாற்பத்திரண்டு படி இறங்கி, போர்ட்டிகோ தாண்டி, மெயின் கேட் வழியாக வெளியே வந்து, தார் ரோட்டில் மதில் ஓரமாகவே சுற்றி, பழைய கேட்டில் நுழைந்து, வளைவுக்கு அடியில் புகுந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் படுத்திருக்கிறவர்களைத் தாண்டி, நாற்பத்திரண்டு படி ஏறி, பாதம் இரண்டும் கொப்புளித்து, கவுன்ட்டரில் சீட்டை நீட்டி, பத்து நிமிஷம் நின்று, பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி இறங்கி, மறுபடி சுற்றி, மறுபடி ஏறி, வார்டு வாசலுக்கு வரும்போது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. சித்த சீக்கிரம் வந்திருக்கக் கூடாதாய்யா என்றாள் நர்ஸ், கடிந்து சொல்லவில்லை, பாவம், அங்கலாய்ப்பாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, கனவில் வருகிறது, கனவில் படிகளை எண்ணிக்கொண்டே ஓடுகிறார், எத்தனை கனவிலும் படி குறைவதில்லை, பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேருக்கு வழி சொன்ன ஆள், அன்றைக்கு ஒரு ஈ காக்கையிடம்கூட வழி கேட்கவில்லை.

எண்ணி வைத்த படிகள் வரைபடத்துக்கு உதவின. பெரிய கட்டடத்தை ஒரே துண்டாகப் போடக்கூடாது, பாகம் பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உயரம், மாடிக் கணக்கு கொடுக்க வேண்டும் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள், பழையது வெள்ளைக்காரன் கட்டியது, கீழ்த்தளமே ஏழு மீட்டர், ஒரு மாடி ஏறுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும், புதியதில் தளம் ஒன்றுக்கு மூன்றரை மீட்டர், ஆக இரண்டு தளம் ஏறினால் ஏழு. ஏழு, ஏழு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது, அவளுடைய வார்டும் ரத்த வங்கியும் ஒரே உயரத்தில் இருந்திருக்கின்றன, எதிரும் புதிருமாக, நடுவில் கொஞ்சம் காற்று, அவ்வளவுதான், அவர்தான் நாற்பத்திரண்டு இறங்கி நாற்பத்திரண்டு ஏறியிருக்கிறார். இரண்டு கட்டடத்துக்கும் இடையே விண்ணிலிருந்து எடுத்த படத்தில் வெளிர்நிறமாக ஒரு கீற்றுத் தெரிந்தது, அது என்ன சார் என்று எஸ்தர் கேட்டாள், தகரக் கூரையாக இருக்கும், குழாய் போகிறதாக இருக்கும் என்று இவர் மழுப்பினார், இல்ல சார், கீழ நிழல் விழுது, நடைபாலம் மாதிரி இருக்கு, இப்ப வரஞ்சிருங்க, பிறகு நேர்ல ஒரு எட்டு பாத்துட்டு வந்து உறுதிப்படுத்துங்க என்றாள். வரைந்தார், மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு நடந்துபோக வழி என்ன என்று வரைபடத்திடமே கேட்டார், நீலக்கோடு ஒன்று நிதானமாக ஓடியது, படி இறங்கி, ரோட்டைச் சுற்றி, வளைவில் புகுந்து, முற்றத்தைத் தாண்டி, அவர் ஓடின அதே வழி, ஆயிரத்து நூறு மீட்டர், பதினாலு நிமிடம். வேறு வழி இல்லை. குருபாதம் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார், அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார், பவளம், வேற வழி இல்லடி என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு மூன்று நாள். நாலாம் நாள் காலை காப்பியும் கையுமாக உட்கார்ந்தபோது எஸ்தரிடமிருந்து ஒரு வரி வந்து கிடந்தது, பாலத்தோட ரெண்டு முனையும் நடைவழியோட ஒட்டாம நின்னுச்சு சார், ஒட்டிட்டேன், இப்ப வழி சுருக்கமா வருது. நல்லது செய்த சந்தோஷத்தில் கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. கோடு பக்கத்தில் வந்து நின்றால் போதாது, புள்ளியும் புள்ளியும் ஒன்றாக வேண்டும், இல்லாவிட்டால் வரைபடத்துக்கு அது வேறு இது வேறு, மயிரிழை விலகியிருந்தாலும் வழி அறுந்துவிடும், இதை அவள் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தாள், அத்தனை படியையும் அத்தனை வாசலையும் ஒட்டிய கைதான், பாலத்தை மட்டும் ஒட்டவில்லை, கை மறந்ததா, மனசு மறந்ததா, அவருக்கே தெரியாது. மறுபடி கேட்டார், நீலக்கோடு வெடுக்கென்று குறுக்கே பாய்ந்தது, தொண்ணூறு மீட்டர், ஒரு நிமிடம். காப்பியில் ஆடை படிகிறது, அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், போக ஒன்று, வர ஒன்று, நடுவில் கவுன்ட்டரில் நின்ற அந்தப் பத்து, ஆகப் பன்னிரண்டே நிமிஷத்தில் அவர் திரும்பி வருகிறார், திரை இழுக்கவில்லை, செருப்பில்லாமலா போனீங்க என்று அவள் கோபித்துக்கொள்கிறாள், இல்லை, இல்லை, பாலம் புதிதாகக் கட்டியிருப்பார்கள், இந்த இரண்டு வருஷத்துக்குள், படம் போன மாசம் எடுத்ததாக இருக்கும், அப்போது இருந்திருக்காது, இருந்திருந்தால் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா. பிடித்துக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம், சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த நாற்பத்திரண்டு படியை ஏறுகிறார், டெட்டால் வாசனை, பிள்ளை அழுகிற சத்தம், வார்டு வாசலில் குவிந்த செருப்புகள், அவர் அந்தக் கட்டிலைப் பார்க்கவில்லை, நடையின் மறுகோடிக்குப் போகிறார், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காத பக்கம், அங்கே பெரிய இரும்புக் கதவு அகலத் திறந்து சுவரோடு சாய்ந்து கிடக்கிறது, அதற்கு அப்பால் பாலம், இரண்டு பக்கமும் கம்பி அடித்து, மேலே தகரம் போட்டு, சாவகாசமாக. ஒரு அம்மாள் துடைப்பத்தோடு வந்துகொண்டிருந்தாள், நீல உடுப்பு, இவர் வயதுதான் இருக்கும், இந்தப் பாலம் எப்பக் கட்டினதும்மா, போன வருஷமா என்று கேட்டார், போன வருஷம் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று காத்து நின்றார். போன வருசமா, நான் வேலைக்குச் சேந்தப்பவே இது இருந்துச்சுய்யா, பதினோரு வருசமா நாந்தான் கூட்டுறேன் என்றாள் அவள். ராத்திரியில் பூட்டுவார்களா, மத்தியானத்தில் பூட்டுவார்களா என்று விடாமல் கேட்டார். எதுக்குப் பூட்டுறாங்க, ரத்தம் வாங்க எல்லாரும் இதுலதானே ஓடுவாங்க என்று சொல்லிவிட்டு, கூட்டுவதற்காகக் கதவை அவள் இழுத்தாள், கதவுக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்தில் ரத்த வங்கி என்றும் அம்புக்குறியும் இருந்தன, திறந்த கதவு எந்நேரமும் அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது, கூட்டி முடித்ததும் அவள் கதவைப் பழையபடி சுவரோடு சாய்த்தாள், எழுத்து மறைந்தது. அவருக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. கேட்டிருக்கலாம், இந்த அம்மாளே அன்றைக்கும் இங்கே எங்கேயோ கூட்டிக்கொண்டு நின்றிருப்பாள், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் துடைப்பத்தை நீட்டி வழி காட்டியிருப்பாள்.

நடந்தார், கால் தானாக நடந்தது, கீழே இரண்டு கட்டடத்துக்கும் இடையில் தண்ணீர் லாரி நின்றது, மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை, அதற்குள் கவுன்ட்டர் வந்துவிட்டது, இவ்வளவுதானா, இவ்வளவேதானா. உள்ளே இருந்த பெண் தலை நிமிராமல் கையை நீட்டி, சீட்டு என்றாள். அவரிடம் சீட்டில்லை. யாருக்கு ரத்தம் என்று கேட்டாள். பவளக்கொடி என்று அவர் வாய் சொல்லிவிட்டது, பெண்கள் அறுவை வார்டு, பதினேழாம் நம்பர் கட்டில். அவள் நோட்டில் விரலை ஓட்டி, மேலிருந்து கீழாக ஒருமுறை, மறுபடி ஒருமுறை பொறுமையாகத் தேடிவிட்டு, அந்தப் பேர்ல யாரும் இல்லியேங்க என்றாள். ஆமாம்மா, இல்லை என்றார் குருபாதம், எட்டவந்து சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எஸ்தர்தான், நேர்ல பாத்துட்டீங்களா சார், பாலம் திறந்திருக்கா, பூட்டியிருக்கா, நீங்க சொன்னாத்தான் அப்படியே வைக்கணுமா எடுக்கணுமான்னு முடிவு பண்ண முடியும் என்று கேட்டிருந்தாள். பூட்டியிருக்கிறது என்று ஒரு சொல் போதும், நீலக்கோடு மறுபடி ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடும், பதினாலு நிமிடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், வேறு வழி இல்லை என்று உலகத்துக்கே எழுதி வைத்துவிடலாம், நாகர்கோவிலில் இருப்பவளுக்கு என்ன தெரியப்போகிறது. கையில் சீட்டோடு ஒருவன் பாலத்து வழியாக ஓடி வந்து கவுன்ட்டரில் நின்றான், லுங்கி கட்டிய சின்ன வயதுக்காரன், அவனுக்கு யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவன் கேட்டிருக்கிறான். குருபாதம் அவனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, பாலம் பதினோரு வருஷமா இருக்கு, பூட்டுறதே இல்ல, நீ ஒட்டினது சரிதாம்மா என்று தட்டி அனுப்பினார்.