முழங்கைக்கு அடியில் ஒரு கை

டீச்சர் தங்கமானவள் என்று எல்லோரும் சொன்னாலும் தையல்காரி நம்புவதாக இல்லை. தங்கமானவள் எதற்காக ஒவ்வொரு பதிலுக்கும் குனிந்து குனிந்து எழுத வேண்டும்?

நோய் பரவிச் சிறப்புப் பள்ளியை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. தையல்காரியின் மகளுக்கு வயது ஒன்பது. பேச்சு வரவில்லை, நுனிக்காலிலேயே நடப்பாள். அதனால் அப்பா வைத்த செல்லப்பெயர் கொக்கு. வாரம் இரண்டு முறை டீச்சர் போனில் முகம் காட்டி வகுப்பு எடுப்பாள். கொக்கு அந்த முகத்தைச் சட்டை செய்யாமல் போனின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அம்மாவுக்கு விசாரணை ஆரம்பமாகும்.

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

"எட்டு மணி நேரம் டீச்சர்." உண்மையில் மூன்று. கொக்கு விழித்திருக்கும்போது கத்திரியை வெளியே எடுக்க முடியாது. அவள் தூங்கிய பிறகுதான் துணி வெட்டுவது, தைப்பது எல்லாம்.

"உங்க ரெண்டு பேருக்கும் நோய் வந்துட்டா பாப்பாவை யாரு பார்த்துப்பாங்க?"

இந்தக் கேள்வி தையல்காரிக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு எதற்கு அந்த விவரம்? உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற நாத்தனாருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அண்ணி, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். எங்க பக்கத்து வீட்டுலயும் இப்படித்தான் நல்லதனமா கேட்டாங்க. பெத்தவங்களால முடியலன்னு எழுதி, பையனை விடுதியில கொண்டுபோய் விட்டுட்டாங்க. ஜாக்கிரதை."

அடுத்த வகுப்பிலேயே டீச்சர் சொன்னாள்: "தினமும் ஒரு வேளை பாப்பா கரண்டியால தானே சாப்பிடறதை வீடியோ எடுத்து அனுப்புங்க. கிண்ணமும் வாயும் தெரிஞ்சா போதும். நடுவுல மட்டும் வெட்டாதீங்க."

ஆக, சாட்சி சேர்க்கிறாள்! பள்ளி மூடுவதற்கு முன்பு கொக்கு பத்துக் கரண்டியில் ஆறைத் தானே வாய்க்குக் கொண்டுபோவாள்; நாலு மடியில் கொட்டும். எழுதுகிறவள் அந்த நாலைத்தானே எழுதுவாள்?

தையல்காரி இருபது வருஷமாகக் கத்திரி பிடித்தவள். எங்கே வெட்டினால் தையல் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து, படத்தின் கீழ் ஓரம் முழங்கைக்குச் சற்று மேலே முடியும்படி வைத்தாள். படத்துக்கு வெளியே, கொக்கின் முழங்கைக்கு அடியில், தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். பத்துக்குப் பத்து. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அருமை! அருமை!" என்று பதில் வந்தது. அதிலும் அவளுக்குச் சந்தேகம். இவ்வளவு சீக்கிரமாகவா ஒருத்தி நம்புவாள்?

பால் வண்டி ஓட்டும் கணவன் ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது இந்தக் கூத்தைப் பார்த்தான். "யாரை ஏமாத்தறே?"

"ஏமாத்தல. என் பிள்ளையைக் காப்பாத்திக்கறேன்."

அவள் கோபம் அவனுக்குத் தெரியும். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் கூப்பிட்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். மூன்றாவது முறை மணி அடித்தபோதுதான் தையல்காரி போனை எடுத்தாள்.

"நல்ல சேதிதாம்மா. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கறோம், ஆறு பிள்ளைங்களுக்கு மட்டும். வீட்ல ரொம்பத் திண்டாடறவங்களுக்குத்தான் முதல் இடம். அதுக்காகத்தான் எல்லார்கிட்டயும் அதெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டேன். முதல்ல உங்க பாப்பா பேரைத்தான் எழுதியிருந்தேன். வீடியோ எல்லாம் பார்த்துட்டு பெரிய டீச்சர் எடுத்துட்டாங்க. தானே அழகா சாப்பிடறா, அம்மாவும் நல்லா தூங்கறாங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னுட்டாங்க. அஞ்சு மணிக்குப் பட்டியல் போயிடும். பாப்பா ஜெயிச்சுட்டா பாருங்க!"

ஓநாய் என்று நினைத்துத் தையல்காரி துரத்தியது தன் ஆட்டுக்குக் காவல் நின்ற நாயை. இன்னும் ஒரு வருஷமா? மூன்று மணி நேரத் தூக்கத்தோடு?

"டீச்சர்... அஞ்சு மணிக்குள்ள ஒரு வீடியோ அனுப்பறேன். அதைப் பார்த்துட்டுப் பட்டியலை அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள்.

நாலரை மணிக்குக் கஞ்சிக் கிண்ணத்தை வைத்தாள். போனைத் தள்ளி வைத்தாள், முழங்கை முழுசாகத் தெரியும்படி. தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். நாலு கரண்டி சிந்தட்டும், இடம் திரும்பக் கிடைக்கும் என்பது கணக்கு.

கொக்கு கரண்டியைக் கஞ்சியில் விட்டாள். அப்படியே நிறுத்தினாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கரண்டி மேலே வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது. நாலு அல்ல, ஆறும் போய்விட்டது. அந்த ஆறையும் தின்றது தன் கை. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

கொக்கு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை நீட்டினாள். அம்மாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து இழுத்து, தன் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முதல் கரண்டியைச் சாப்பிட்டாள். எல்லாம் படத்தில் விழுந்தது.

தையல்காரி வெட்டவில்லை. இடது கையாலேயே அனுப்பினாள். டீச்சர் பார்த்துவிட்டதாக அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இப்போது விடுதிக்குத்தான் போன் போடுகிறாள் என்று அவள் மனம் அப்போதும் சொன்னது. ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது டீச்சரின் குரல் பதிவு வந்தது.

"பெரிய டீச்சர்கிட்ட காட்டிட்டேன். திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. முதல் வாரம் நீங்களும் கூட உட்காரணும். அந்தக் கையை ஒரேயடியா எடுக்கக் கூடாதும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்."

ஏதாவது சூது ஒளிந்திருக்கிறதா என்று தையல்காரி அதை மூன்று முறை கேட்டாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கிண்ணம் காலி. கொக்கு எப்போதோ எழுந்து, நுனிக்காலில் ஜன்னல் பக்கம் போயிருந்தாள். அம்மாவின் வலது கை மட்டும் மேஜை ஓரத்தில், முழங்கை இருந்த இடத்தைத் தாங்கிக்கொண்டு, இன்னும் நீட்டியபடியே இருந்தது.