ஏற்றத்தில் நின்ற வண்டி

மருமகள் ஓட்டிய கார் மேம்பாலத்து ஏற்றத்தில் சட்டென்று நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரர் மிதித்த மிதியில் டயர் புகைந்தது, மயிரிழையில் தப்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார், மறுநாள் காலை அதே காரைத் தானே ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கின் பட்டறையில் வந்து இறங்கினார். மெக்கானிக் வேறு யாருமில்லை, அந்த மருமகளைப் பெற்றவர்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல, சம்பந்தி. உங்க பொண்ணுக்குத்தான் கிளட்ச் விடத் தெரியல. கேட்டா, தானா நின்னுச்சுங்கறா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மெக்கானிக்குக் காது சிவந்தது. மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் பெண்ணைக் கொடுத்த இடம், வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியுமா?

"நீங்க வர்றப்ப நிக்கலையா, சம்பந்தியம்மா?"

"என் கையில ஏன் நிக்குது?"

மெக்கானிக் கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகிப் பார்த்தார். ஒரு பிழையும் பதிவாகியிருக்கவில்லை. நேற்று பாலத்தில் உதவிக்கு வந்த யாரோ பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருந்தார். வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்த தடயமும் அதோடு அழிந்து போயிருந்தது. இன்ஜினோ, பாலும் தெரியாது பானையும் தெரியாது என்கிற பூனை மாதிரி சாதுவாக ஓடியது.

"பார்த்தீங்களா? வீட்டுல முடிவு பண்ணியாச்சு. இனிமே சாவி அவ கைக்குப் போகாது."

"சூடேறினா நிக்குதோ என்னவோ. நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன். நின்னா வண்டி மேல தப்பு. நிக்கலைன்னா என் பொண்ணு மேல. சாவியைத் தொடாதேன்னு நானே அவகிட்ட சொல்லிடறேன்."

ஸ்கேனரைக் கழற்றாமலே பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

நெரிசலான கடைத்தெருவில் ஊர்ந்தார்கள். சுற்றி வந்து மறுபடி ஊர்ந்தார்கள். மடியில் ஸ்கேனர், அதன் திரையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா நன்றாகத்தான் ஓட்டினார், பொய் சொல்லக்கூடாது. வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

"பெட்ரோல் தீர்ற வரைக்கும் சுத்தணுமா?"

மெக்கானிக் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். ஒருவேளை பதற்றத்தில் மகள்தான் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டாளோ? பெற்ற மகளையே சந்தேகிக்கிறோமே என்று கூசியது.

"பாலத்து மேல போங்க," என்றார்.

பாதி ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் அறுந்தது. ஸ்டீயரிங் இறுகியது. பின்னால் பஸ்ஸின் ஹாரன் அலறியது. கார் மெல்லப் பின்னோக்கி நழுவியது.

"சம்பந்தி! ஐயோ, சம்பந்தி!"

"பிரேக்கை விடாதீங்க!" ஹேண்ட்பிரேக்கை அவரே இழுத்தார். பஸ் முட்டாத குறையாக நின்றது. "இப்ப சாவியைத் திருப்புங்க."

இன்ஜின் சுழன்றது, பற்றவில்லை. திரையில் அது சுழலும் வேகம் தெரிந்தது. கேம் சென்சார் வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, கட்டைவிரல் தண்டி இருந்த சென்சாரின் மேல் ஈரத்துணியைப் போட்டார்.

"வால்வைத் திறந்து மூடுற தண்டு எந்த நிலையில இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். சூடேறினா வாயை மூடிக்குது."

துணி ஆவி விட்டது. கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பற்றிக்கொண்டது. சம்பந்தியம்மா முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும் மெக்கானிக் அவசரப்படவில்லை. வயரில் கோளாறு இருந்தால் புது சென்சாரும் வீண். சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தார். மின்சாரம் ஒழுங்காக வந்தது. வயரை ஆட்டி அசைத்துப் பார்த்தார், விட்டுப்போகவில்லை. பிறகே போல்ட்டைக் கழற்றினார். பழைய சென்சார் அசைய மறுத்தது. வெந்து நொறுங்கும் பிளாஸ்டிக்; உடைந்து துண்டு உள்ளே விழுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருகினார். கடைசியில் முழுசாக வந்தது. புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி அழுத்தி, போல்ட்டை அளவாக முறுக்கினார்.

மறுபடி கடைத்தெரு. மறுபடி பாலம். ஏற்றத்தில் சம்பந்தியம்மா ஓட்ட, மெக்கானிக்கின் கை ஹேண்ட்பிரேக்கின் மேலேயே இருந்தது. பாதி தாண்டியது. உச்சி தாண்டியது. கார் இறங்கி மறுபக்கம் வந்தது.

சம்பந்தியம்மா ஓரமாக நிறுத்தி, போனில் மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் கையிலயும் நின்னுச்சு. அதே பாலத்துல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல." பாலத்தைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து நீ மட்டும் எப்படிடி இறங்கிப் பின்னால போய் நின்னு, வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டின?"

மகள் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, மெக்கானிக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.