ரகசிய சுவிட்ச்

ஜீப்பின் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டு, கம்ப்ரசரைக் கையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டே இருந்தான். உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு மோட்டார், அதன் தலையில் காற்றை அமுக்குகிற சின்ன சிலிண்டர், அவ்வளவுதான். அதை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் அவன் நிற்கவில்லை. பேட்டரிக்குப் பின்னால், இன்ஜின் சூடு எட்டாத மூலையில், இரும்புத் தகடு ஒன்றை வளைத்து மாட்டினால் அச்சாக உட்காரும். வாகன வயரிங்கிலேயே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் அதை உட்காரவைத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. முழுக்க முடிந்தால் அவன் மனைவி கிளம்பிவிடுவாள்.

அவள் நர்ஸ். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் யார் யாருக்கோ கீழே வேலை பார்த்து அலுத்துப்போனவள். மணல்வெளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன மருத்துவமனைக்குப் பொறுப்பாகப் போக யாருமே முன்வராதபோது, நான் போகிறேன் என்று கையைத் தூக்கினாள். இரண்டு வருஷம். இடையிடையே லீவு கிடைத்தால் வீடு. அதை அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னபோது, இவன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நல்லதுதான, போயிட்டு வா" என்றான். அந்த வேகம்தான் வினை. மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் இரண்டே பேர். இவளும் போய்விட்டால் டிவியோடுதான் பேச வேண்டும் என்பது தட்டைக் கழுவும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அவள் தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அத்தான் சரின்னுட்டாருடா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பின்வாங்குவது?

நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை அவள்தான் பார்த்து வாங்கினாள். மணலில் இறங்கும்முன் டயர்களில் பாதிக் காற்றை விட்டுவிட வேண்டும், அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து புதையாமல் ஓடும். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். காலால் மிதிக்கிற பம்பில் நாலு டயருக்கும் அடித்துப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், நாக்குத் தள்ளிவிடும். அதற்காகத்தான் வண்டிக்குள்ளேயே கம்ப்ரசர். டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால், முன் பம்பரில் மாட்டுகிற குழாய் வழியாகக் காற்று வரும்.

வேலை என்று இறங்கிவிட்டால் அவனுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தகட்டை வளைத்து, அதிர்வு தாங்க ரப்பர் வைத்து, போல்ட்டை முறுக்கினான். புழுதி ஏறாமல் இருக்கக் காற்று உறிஞ்சும் ஃபில்டரை உயரத்தில் கட்டினான். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயரை இழுத்து, ஃப்யூஸும் ரிலேயும் போட்டான். கடைசியில் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகள்மேல் தடவிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அவனுக்கே லேசான ஏமாற்றம்தான்.

அதன்பிறகு செய்த வேலையைத்தான் யோசித்துச் செய்தானா, கை தானாகச் செய்ததா என்று சொல்வதற்கில்லை. அவனிடம் வருகிற எல்லா வண்டிக்கும் அவன் ஒரு ரகசிய சுவிட்ச் வைப்பான். திருடன் வந்தால் வண்டி கிளம்பாது, அதுதான் கணக்கு. வண்டிக்காரர்கள் சிலர் தாங்களே அது எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டு நடுரோட்டிலிருந்து கூப்பிடுவார்கள். "சீட்டுக்கு அடியில கைய விடுங்க சார், இன்னும் உள்ள, ஆங், அதேதான்." அந்தப் போன்கள் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த ஜீப்பிலும் கம்ப்ரசருக்குப் போகிற வயரை வெட்டி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், கம்பிக்குப் பின்னால் ஒரு சுவிட்சை ஒளித்தான். அவளைக் கூப்பிட்டுக் கம்ப்ரசரை ஓட்டிக் காட்டினான். அது கடகடவென்று ஓடியது. "அட, சூப்பருங்க!" என்று அவள் கைதட்டினாள். அவள் உள்ளே போனதும் ரகசிய சுவிட்சை அணைத்தான். அதைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

அக்காவை வழியனுப்ப அன்று சாயங்காலம் தம்பி வந்தான். அவனை வீட்டில் வானொலி என்பார்கள், வாய் மூடாது. லாரி ஓட்டுகிறவன், அந்தப் பக்கமெல்லாம் போய்வந்தவன்.

"அக்கா, வீட்டுக்கு என்ன சொல்லணுமோ இங்கயே சொல்லிட்டுப் போயிரு. மணல்ல எறங்குனா போன் டார்ச் அடிக்கத்தான் ஆகும்" என்றான் வானொலி.

"டவர் கெடையாதா?" என்று கேட்டவன் எலக்ட்ரீஷியன்.

"ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு அத்தான். நடுவுல ஒரு மண்ணும் கெடையாது. அதாவது, மண்ணு மட்டும்தான் இருக்கு." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

எலக்ட்ரீஷியனுக்கு அணைத்துவைத்த சுவிட்ச் ஞாபகம் வந்தது. நாளைக்கே அவள் மணலைத் தாண்ட வேண்டும். சாவியைத் தேடினான். அதுவோ அவள் கைப்பையில் இருந்தது, பையோ அவள் தோளில். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

காலையில் ஜீப்பை நெருங்கவே முடியவில்லை. மருந்துப் பெட்டிகளையும் துணி மூட்டையையும் அவளே அடுக்கினாள். இவன் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், "அங்க என்னங்க நோண்டுறீங்க, இந்தப் பெட்டியப் புடிங்க" என்று ஒரு வேலை வரும். பிடித்துவிட்டு வந்தால் அவள் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருப்பாள். சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால் எதற்கு ஒளித்தாய் என்று கேட்பாள். அதற்குப் பதிலை அவன் தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஊசி போடுவதற்குமுன் மருந்துச் சீட்டை இரண்டு தரம் படிக்கிறவள் அவள். கிளம்பும்முன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. ஹார்ன் அடித்தது. இன்ஜினை ஓடவிட்டுக் கம்ப்ரசர் சுவிட்சைத் தட்டினாள். சத்தமே இல்லை. அணைத்துத் திரும்பத் தட்டினாள்.

"நேத்து ஓடுச்சே?"

"அத்தான் கைவேலையே படுத்துருச்சா! கடை போர்ட கழட்டிர வேண்டியதுதான்" என்றான் வானொலி.

"கொஞ்சம் எறங்கு" என்றான் எலக்ட்ரீஷியன். அவள் இறங்கினாள். அவன் தரையில் முட்டிபோட்டுச் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ரகசிய சுவிட்சைத் தட்டினான். டாஷ்போர்டு சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் கம்ப்ரசர் பானட்டுக்குள் படாரென்று உயிர்பெற்றது.

"லூஸ் கான்டாக்ட்டா அத்தான்?"

பொய்யை இப்படித் தட்டில் வைத்து நீட்டுகிற மச்சான் யாருக்குக் கிடைப்பான்? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. எலக்ட்ரீஷியன் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"இல்ல. இங்க ஒரு சுவிட்ச் ஒளிச்சு வெச்சிருக்கேன். நான்தான் ஆஃப் பண்ணேன்."

"எதுக்கு?" என்றாள் அவள்.

"எல்லா வண்டிக்கும் வெக்கிறதுதான். திருட்டுப் பயம்..."

"காத்த யாருங்க திருடுவா?"

வானொலி கெக்கெக்கே என்று சிரித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"வேல செய்யலன்னா எனக்குப் போன் பண்ணுவேன்னு நெனச்சேன்" என்றான் எலக்ட்ரீஷியன்.

"அங்கதான் டவரே இல்லையே."

"நேத்து இவன் சொல்லித்தான் தெரியும். அப்பவே சொல்லியிருக்கணும்."

"டயர்ல காத்த எறக்கிட்டு, திரும்ப ஏத்த வழியில்லாம, ஒத்தையில நின்னிருப்பேன். வெயில்ல செத்துக் கெடந்திருப்பேங்க." அவள் குரல் உயரவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள், அதுதான் அவனைச் சுட்டது.

"போயிட்டு வான்னு சொன்னது பொய். போகாதன்னு சொல்ல வாய் வரல."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டி அதை அணைத்தாள்.

"போகாதன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேனான்னு எனக்குத் தெரியாது. போயிருப்பேன்னுதான் நெனக்கிறேன். ஆனா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எவ்வளவு சுலபமா விட்டுட்டாருன்னு, நான் தெனமும் அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

 அவன் கைத்துணியை மடித்தான்.

"எங்க இருக்கு, காட்டுங்க."

அவள் முட்டிபோட்டாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு விரலாலேயே தேடிக் கண்டுபிடித்தாள். போட்ட நிலையில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"இனி உங்க வார்த்தைய நம்பிப் போகமாட்டேன். காத்த எறக்குங்க, அடிச்சுப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன்."

முன்பக்க டயரில் அவன் காற்றை இறக்கினான். அவள் குழாயை மாட்டி அடித்தாள். அளவுமானியில் முள் ஏறுவதை இருவரும் குனிந்து பார்த்தார்கள். சரியாக வந்தது. அடுத்த டயருக்குப் போனார்கள். கம்ப்ரசர் கடகடத்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஒண்ணுக்கு ஏறுனா நாலுக்கும் ஏறும். வெயில் ஏறுது" என்று கத்தினான் வானொலி.

"நீ உள்ள போய் டீ போடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். மூன்றாவதும் நிரம்பியது, நான்காவதும் நிரம்பியது. அவள் டயரிலிருந்து குழாயைக் கழற்றினாள். அதைச் சுருட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் நடந்தாள். கதவில் தொங்குகிற ஸ்டெப்னியின் முன்னால் நின்றாள்.

"அதுல காத்து சரியாத்தான் இருக்கு" என்றான் அவன்.

"தெரியும். எறக்குங்க."

அவன் வால்வில் விரலை வைத்து அழுத்தினான். பாதி இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தான். "முழுசா எறக்குங்க. அடிக்க நேரம் ஆகட்டும்" என்றாள் அவள்.